வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வார்டில் சில வருடங்கள் நர்ஸாக இருந்துவிட்டு, அப்புறம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு மாறியவள் நான். இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்பில் முதல் நாள் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வேலையில் சேர்ந்த பிறகு இரவு பத்து மணிக்குப் போனில் வரும் கேள்விகளும் அப்படித்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சம்பளத் தொகையும் சட்ட விவரமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றுக்குள் அதிகம் போகவில்லை.

சிஸ்டர், இது நர்ஸ் வேலையா, வீட்டு வேலையா? ஒன்றும் புரியவில்லை.

நோயோ முதுமையோ வந்தால் ஒருவருக்குத் தானாகச் செய்துகொள்ள முடியாமல் போகிற காரியங்கள் ஆறு: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, சாப்பிடுவது. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட பட்டியல் இது. இன்றும் ஒரு நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க இதைத்தான் எடுக்கிறோம். இந்த ஆறு காரியங்களில் துணை நிற்பது பராமரிப்பாளரின் வேலை, அவரைத்தான் அட்டெண்டர் என்றும் கூப்பிடுகிறார்கள். ஊசி போடுவது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது, குழாய் மாற்றுவது எல்லாம் நர்ஸின் வேலை.

நோயாளியின் அறை, படுக்கை விரிப்பு, அவருடைய துணி, அவர் சாப்பிட்ட தட்டு வரைக்கும் உங்கள் பொறுப்பு. வீட்டில் இருக்கும் மற்றவர்களின் துணியும் பாத்திரமும் அதில் வராது. இதை முதல் நாளே பேசிவிடுங்கள். பத்தாம் நாள் எடுத்தால் சண்டையாகத்தான் முடியும்.

நர்ஸும் அட்டெண்டரும் தவிர வேறு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட்டை எல்லோருக்கும் தெரியும். தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பலருக்குத் தெரியாது. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடுவது எப்படி, குளியலறையில் கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்துவது என்று பார்ப்பவர் அவர். அதேபோல் பேச்சுச் சிகிச்சையாளர் என்றால் பேச்சு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். விழுங்கும்போது புரையேறுகிறதா, தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா என்று சோதிப்பதும் அவர்தான். அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டதால் நிமோனியா வந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவர்களைத் தவிர உணவு ஆலோசகர், குணமாகாத நோயில் வேதனையைக் குறைக்கப் பார்க்கும் வலிதணிப்பு நர்ஸ், பிரசவமான தாயையும் குழந்தையையும் பார்ப்பவர், வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரமும் வென்டிலேட்டரும் பொருத்திப் பராமரிப்பவர், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளக் குடும்பத்துக்குக் கற்றுத் தருபவர் என்று பலர் உண்டு. யாரை எந்த வீட்டுக்கு எப்போது அனுப்புவது என்று பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் வேலையும் இருக்கிறது. அதற்கு மருத்துவப் படிப்பு கட்டாயமில்லை, பொறுமைதான் வேண்டும்.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. சேர முடியுமா?

பராமரிப்பாளராகச் சேரலாம். பயிற்சி சில இடங்களில் சில வாரங்கள், சில இடங்களில் பல மாதங்கள். நர்ஸாக வர வேண்டுமானால் முறையான படிப்பும் நர்சிங் கவுன்சில் பதிவும் வேண்டும், அதில் குறுக்குவழி கிடையாது. "மூன்றே மாதத்தில் நர்ஸ்" என்று யாராவது விளம்பரம் செய்தால் காசைக் கட்டாமல் திரும்பி வாருங்கள்.

பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பழகுவதற்குக் கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பால் கை கழுவுவது, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, பிரஷர் பார்ப்பது, நெஞ்சழுத்தி உயிர்காக்கும் முதலுதவி ஆகிய நான்கையும் கையால் செய்ய வைக்கிறார்களா என்று கேளுங்கள். நோட்ஸ் மட்டும் கொடுக்கும் இடத்தில் படித்தவர் முதல் வீட்டிலேயே திணறிவிடுவார்.

நர்சிங் முடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராக ஹோம் கேருக்கு வரலாமா?

வரலாம், ஆனால் நான் தடுப்பேன். ஓரிரு வருடம் வார்டில் இருந்துவிட்டு வாருங்கள். வார்டில் ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். வீட்டில் நீங்களும் ஒரு போனும்தான். எது ஆபத்து, எது காலை வரை பொறுக்கலாம் என்று பிரித்துப் பார்க்கும் கண் நிறைய நோயாளிகளைப் பார்த்தால்தான் வரும்.

ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள்? சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்கிறார்களே?

பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். பணிமுறை மூன்று வகை. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது ஒன்று, 12 மணி நேர ஷிஃப்ட் ஒன்று, அந்த வீட்டிலேயே தங்குவது ஒன்று. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கும் ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம்.

போனதும் இரவு ஆள் எழுதி வைத்த நோட்டைப் படிக்க வேண்டும். அப்புறம் காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர். பிறகு வாய் கழுவி, உடம்பு துடைத்து, துடைக்கும்போதே தோலை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது. குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு, காதின் பின்புறம் இங்கெல்லாம் சிவந்திருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுத்துத் திரும்புகிறதா, இல்லை அப்படியே நிற்கிறதா? நின்றால் படுக்கைப் புண் ஆரம்பம். கருமையான தோலில் சிவப்பு தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறோம். ஏர் பெட் வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்வார்கள். அது உதவி செய்யும், ஆனால் புரட்டும் வேலையை அது செய்யாது.

மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர் என்றால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த உடனே படுக்க வைக்கவும் கூடாது. குழாய் வழியாகச் சிறுநீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையை விடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். ஆளைப் புரட்டும்போது பையைத் தூக்கிக் கட்டில்மேல் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில் உட்காரவும் நேரம் கிடைக்கும், மறுக்கவில்லை. அப்போது போனைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். நேற்று அரைத் தட்டு சாப்பிட்டவர் இன்று இரண்டு வாயோடு நிறுத்தினால் அது செய்தி. எழுதி வையுங்கள்.

ஆளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. இந்த வேலையை விட்டுப் போனவர்களில் பலர் முதுகுவலியால் போனவர்கள். ஆனால் அவர்கள் தூக்கினார்கள் என்பதுதான் பிரச்சினை. தூக்கக் கூடாது, நகர்த்த வேண்டும். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்ற முடியாத கட்டில் என்றால் ஒரு முழங்காலைக் கட்டில்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். அடியில் வழுக்கு விரிப்பு போட்டு இழுங்கள். உங்கள் உடம்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்பித் திரும்புங்கள். எழுப்பும்போது நோயாளியின் பலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுவது அதற்காகத்தான்.

பக்கவாதம் வந்தவரை நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை நல்ல பக்கத்தில் போடுங்கள். விழுந்துபோன கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். இரண்டு பேர் தேவைப்படும் ஆளுக்கு ஒருவரை மட்டும் அனுப்பினால், முடியாது என்று அன்றே சொல்லுங்கள்.

ஆண்களுக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக. ஆண் நோயாளிகளில் பலர் குளிப்பாட்ட ஆண்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆள் கிடைப்பதில்லை.

ஏஜென்சி மூலம் போகலாமா, நேராக வீட்டாரிடம் பேசிக்கொள்ளலாமா?

ஏஜென்சி கமிஷன் எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு, நீங்கள் லீவு எடுத்தால் மாற்று ஆள், ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு, பிரச்சினை வந்தால் பேச ஒருவர். நேராகப் போனால் முழுச் சம்பளமும் உங்களுக்கு, முழுத் தலைவலியும் உங்களுக்கு. முதல் இரண்டு வருடம் ஏஜென்சி, அப்புறம் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்துக்குள் விலகினால் முதல் மாதச் சம்பளம் கிடையாது என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான்காம் மாதம் விலகியபோதுதான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அசல் சான்றிதழைக் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்.

சம்பளம் பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்பவர்தான் ஏமாறுகிறார். எத்தனை மணி நேரம், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் காசு உண்டா, கையுறையும் முகக்கவசமும் யார் வாங்குவது, மூக்குக் குழாயோ தொண்டைக் குழாயோ இருந்தால் கூடுதல் உண்டா என்று கேளுங்கள். இரவு டியூட்டி என்றால் விழித்திருக்கும் இரவா, கூப்பிட்டால் எழும் இரவா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே கூலி நியாயமில்லை.

தங்கி வேலை செய்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கென 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது. அதை ஏற்று உறுதி செய்த நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும் என்றாலும், பேரம் பேசும்போது எடுத்துச் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

நான் அட்டெண்டர்தான். வீட்டார் இன்சுலின் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடட்டுமா?

ஊசி குத்துவது பெரிய வித்தை இல்லை, நாலு நாளில் யாரும் கற்கலாம். இன்று சாப்பாடு இறங்கவில்லை, இந்த அளவு போடலாமா என்று யோசிப்பதுதான் விஷயம். அந்த முடிவுக்கான பொறுப்பை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. சில இடங்களில் நர்ஸ் கற்றுக்கொடுத்து, கூட இருந்து பார்த்து, எழுத்தில் ஒப்படைத்தால் பராமரிப்பாளர் போடச் சட்டம் இடம் தருகிறது. அப்படி எழுத்தில் இல்லாவிட்டால் போடாதீர்கள். தப்பு நடந்தால் "போடச் சொன்னேன்" என்று யாரும் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

மாத்திரையிலும் இந்தக் கோடு உண்டு. வேளைவாரியாகப் பிரித்து வைத்த பெட்டியை நீட்டி நினைவூட்டுவது வேறு, சீட்டைப் பார்த்து நீங்களே பிரித்து வைப்பது வேறு. விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் கேட்காமல் செய்யக் கூடாத ஒன்று. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் ஏறிவிடும்.

ராத்திரி திடீரென்று மோசமானால் என்ன செய்வது? நினைத்தாலே கை நடுங்குகிறது.

பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்று படித்திருப்பீர்கள். அதைவிட முக்கியம் அந்த நோயாளியின் வழக்கமான அளவு. எப்போதும் 62 இருப்பவருக்கு 98 வந்தால், கணக்குப்படி சரிதான் என்று விட்டுவிடாதீர்கள். நோட்டில் தினமும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

வாய் ஒரு பக்கம் கோணினால், கை கீழே விழுந்தால், பேச்சு குழறினால் பக்கவாதம். உடனே ஆம்புலன்ஸ். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். சுகர் 70க்குக் கீழே போய், நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும்.

நடுக்கம் குறைய ஒரே வழி முன்தயாரிப்பு. ஆம்புலன்ஸ் எண், டாக்டர் எண், வீட்டு முகவரி, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை எல்லாம் ஒரே தாளில் கட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். முகவரியையும் எழுதச் சொல்வதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பதற்றத்தில் மறந்துபோகும் முதல் விஷயம் அதுதான்.

பாட்டி நான் நகையைத் திருடிவிட்டேன் என்கிறார். அவருக்கு மறதி நோய். நான் என்ன செய்ய?

டிமென்ஷியாவில் இது சாதாரணம். எங்கோ வைத்துவிடுகிறார், வைத்தது ஞாபகம் இல்லை, காணோம் என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவர் அளவில் அது சரியான கணக்கு. "நான் எடுக்கவில்லை" என்று வாதாடினால் கோபம்தான் ஏறும். "அடடா, வாங்க தேடிப் பார்க்கலாம்" என்று கூடவே தேடுங்கள். பெரும்பாலும் தலையணை உறையிலோ, மடித்த துணிக்குள்ளோ கிடைக்கும்.

உங்கள் பாதுகாப்பு வேறு விஷயம். விலையுள்ள பொருட்களைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளும்படி வேலைக்குச் சேரும் நாளிலேயே குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். குற்றச்சாட்டு வந்த நேரத்தையும் நடந்ததையும் அன்றே நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவரிடமும் ஏஜென்சியிடமும் சொல்லிவிடுங்கள்.

நோயாளி நல்லவர்தான், ஆனால் வீட்டில் இன்னொருவர் நடந்துகொள்வது சரியில்லை.

தொடுவது, தகாத பேச்சு, மிரட்டல் என்றால் முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். நோயாளியைத் தனியே விட்டு வந்தோமே என்ற குற்ற உணர்ச்சி வரும். வெளியே வந்த உடனே ஏஜென்சியையோ குடும்பத்தில் பொறுப்பானவரையோ கூப்பிட்டு, "நான் வெளியேறிவிட்டேன், ஆளை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. கூடுதல் வேலை வாங்குவதுதான் பிரச்சினை என்றால் முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

நோயாளி இறந்துவிட்டால் வேலையும் போய்விடுமே?

போகும். அதனால்தான் ஏஜென்சி பற்றிய பதிலில் அடுத்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். கூடவே இரண்டு மாதச் செலவுக்காவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு ஒரு பக்கம். ஒன்றரை வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, அவருடைய பழைய கதைகளை நாற்பது தடவை கேட்டுவிட்டு, மறுநாளே வேறு வீட்டில் வேறு ஆளைத் தொட்டுத் தூக்குவது எளிதில்லை. முடிந்தால் ஒரு வாரம் இடைவெளி கேளுங்கள். வலிதணிப்புப் பிரிவில் வேலை செய்பவர்கள் இறந்தவரைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த துறை அது. இந்தப் பிரிவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம், முதல் மரணத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்பேன்.

பத்து வருஷம் கழித்தும் இதே கட்டில் பக்கத்தில்தான் நிற்பேனா? இயந்திரம் வந்துவிடாதா?

வீடு தேடிப் போகும் நர்ஸ் வேலை இன்று முளைத்ததல்ல. 1859இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸையே அமர்த்தி ஏழை வீடுகளுக்கு அனுப்பினார். 2030இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ இருப்பார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆளைத் தூக்கும் இயந்திரம் வரட்டும், முதுகு பிழைக்கும். சாப்பாடு குறைந்ததைக் கவனித்துக் காரணம் கேட்க இன்னும் ஆள்தான் வேண்டும்.

மேலே போகும் வழிகள் உண்டு. பராமரிப்பாளராக வந்து நர்சிங் படித்தவர்கள் இருக்கிறார்கள். நர்ஸ்கள் புண் பராமரிப்பு, வயிற்றில் திறப்பு வைத்தவர்களின் பராமரிப்பு, வலிதணிப்பு என்று ஒன்றில் தனித்தேர்ச்சி பெறலாம். பயிற்சியாளர் ஆகலாம். நாலு பேர் சேர்ந்து சொந்தமாகவும் தொடங்கலாம். நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் (Buurtzorg) என்ற வீட்டு நர்சிங் அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. அதிகபட்சம் 12 பேர் கொண்ட நர்ஸ் குழுக்கள், மேலாளர் இல்லாமல் தங்கள் பகுதி நோயாளிகளைத் தாங்களே பங்கிட்டுப் பார்க்கின்றன.

ஐயா குளிக்க மாட்டேன் என்கிறார், மகன் கட்டாயப்படுத்திக் குளிப்பாட்டு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சம்பளம் தருபவர் மகன், உடம்பு ஐயாவுடையது. தெளிவாக இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், ஏன் என்று பாருங்கள். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா, வழுக்கி விழுந்த பயமா, உங்கள் முன்னால் உடை களையக் கூச்சமா? எனக்கு ஒருவர் பதினோரு நாள் குளிக்க மறுத்தார். பன்னிரண்டாம் நாள் குளியலறையில் ஒரு நாற்காலி போட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிவிட்டு, முதுகை மட்டும் நான் தேய்க்கிறேன், மற்றது நீங்களே என்றேன். அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

மறதி நோய் உள்ளவர் என்றாலும் கையைப் பிடித்து அமுக்காதீர்கள், கட்டிப் போடவும் உடன்படாதீர்கள். ஈரத் துணியால் முகம், அக்குள், இடுப்பு துடைத்தால் அன்றைக்குப் போதும். மாலையில் மனநிலை மாறியதும் மறுபடி கேளுங்கள். மறுத்தார், காரணம் இது, துடைத்துவிட்டேன் என்று நோட்டில் எழுதி மகனிடம் காட்டுங்கள். அவருக்கும் கோபம் அழுக்கு மேல் இல்லை, அப்பா தன் பேச்சைக் கேட்கவில்லையே என்பதில்தான். அதை உங்கள் கையால் தீர்க்க முடியாது.